அலைக்கற்றையைப் பகிர்தல்: வேகமும் இடையூறும்

கிராமத்தில் வங்கியின் வணிகத் தொடர்பாளரிடம் முதியவர் ஒருவர் ஓய்வூதியம் பெற வருகிறார். கைரேகை பதித்தும் சிக்னல் கிடைக்கவில்லையெனில், கணக்கில் பணம் இருந்தும் அவர் வெறுங்கையுடன் திரும்ப நேர்கிறது. இதே வேளையில், வேறு சேவைகளுக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகள் சில அப்பகுதியில் பயன்பாடின்றிக் கிடக்கக்கூடும்.

இவற்றைப் பயன்படுத்த வழிகாட்டுவதே ‘அறிதிறன் வானொலி’. ஜோசப் மிட்டோலாவும் ஜெரால்டு மாகுவயரும் 1999-இல் இக்கருத்தை முன்வைத்தனர். சுற்றுச்சூழலைக் கவனித்து, காலியான அலைவரிசையில் தகவல் அனுப்பி, அதன் உரிமையாளர் வந்ததும் விலகிக்கொள்ளும் கருவி இது.

வங்கியின் நடைமுறையே இதற்குத் தக்க உவமை. நாம் செலுத்தும் வைப்புத் தொகையை வங்கி கடனாக வழங்குகிறது. எனினும் நாம் கேட்கும்போது தருவதற்காக ஒரு பகுதியை இருப்பில் வைக்கிறது. இருப்பு மிகுந்தால் கடன் குறையும். குறைந்தால் வைப்பாளருக்கு இடர் நேரும்.

இங்கும் அவ்வாறே. ஒவ்வொரு 100 மில்லிநொடியிலும் 10 மில்லிநொடியைக் கவனிப்பதற்கு ஒதுக்கினால், தகவல் அனுப்ப 90 எஞ்சும். கவனிப்பை நீட்டித்தால் பாதுகாப்பு கூடும், வேகம் குறையும். உரிமையாளரைக் கண்டறியத் தவறினால் இடையூறு விளையும். இல்லாதவரை இருப்பதாகக் கருதினால் வாய்ப்பு வீணாகும். அனுப்பும் ஆற்றலைக் கூட்டினால் இணைப்பு வலுக்கும், இடையூறும் பெருகும்.

2011-இல் வெளியான ஐ.இ.இ.இ. 802.22 தரநிலை, உரிமையாளரின் சமிக்ஞையை 2 நொடிக்குள் கண்டறிய வேண்டுமென வரையறுக்கிறது. ஆயினும் குன்றின் மறைவிலுள்ள கருவிக்கு அச்சமிக்ஞை எட்டாமற் போகலாம். ஆகவே, எந்த இடத்தில் எந்த அலைவரிசை காலியாக உள்ளது என்பதைக் கூறும் தரவுத்தளமும் துணைநிற்கிறது.

நம் நாட்டில் தரைவழித் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் மட்டுமே நடத்துவதால், அதற்குரிய அலைவரிசைகளில் வெற்றிடம் மிகுதி. அவற்றைக் கொண்டு மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டக் கிராமங்களில் மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் இணைய இணைப்பைச் சோதித்துள்ளனர். இவ்வலைகள் நெடுந்தொலைவு செல்லும். மரங்களையும் ஓரளவு ஊடுருவும்.

உரிமையாளருக்கு ஊறு நேராது என்னும் உறுதி இருந்தாலன்றி, எவரும் தம் அலைவரிசையைப் பகிர முன்வரார். அவ்வுறுதி வாய்க்குமாயின், காலியாகக் கிடக்கும் அலைவரிசை வழியாகவே அம்முதியவரின் ஓய்வூதியம் அவர் கைக்கு வந்து சேரும்.