பதினாறு வயசில் மாரடைப்பா?

மாரடைப்பு என்றால் ஐம்பதைத் தாண்டியவர்களுக்குத்தான் என்று நினைக்கிறோம். அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் மூன்று பையன்கள் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். மூவருக்கும் வயது 16. ஈ.ஸி.ஜி. எடுத்துப் பார்த்தால்... மாரடைப்பு! மூவரும் ‘கே-2’ என்ற பொடியைப் புகைத்திருந்தார்கள். 2011-ல் இந்தச் செய்தி மருத்துவ இதழில் வெளியானபோது டாக்டர்களே திகைத்துப் போனார்கள்.

அது என்ன கே-2?

செயற்கைக் கஞ்சா. ‘ஸ்பைஸ்’ என்றும் பெயர் உண்டு. பார்த்தால் வெறும் காய்ந்த இலைதான். ஆனால், அதன்மேல் ரசாயனத்தைக் கரைத்துத் தெளித்திருப்பார்கள். மூளையை ஆராய்வதற்காக அமெரிக்காவின் கிளெம்ஸன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜான் ஹஃப்மன் உருவாக்கிய ‘ஜே.டபிள்யூ.ஹெச்.-018’தான் 2008-ல் ஜெர்மனியில் ‘ஸ்பைஸ்’ பாக்கெட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. ‘மூலிகை’ என்ற லேபிளைப் பார்த்து ஏமாந்தவர்கள் ஏராளம்!

இதயத்துக்கு என்ன ஆகிறது?

கஞ்சாவில் உள்ள டி.ஹெச்.சி. நம் உடம்பின் ‘பூட்டு’களை அரைகுறையாகத்தான் திறக்கும். இந்த ரசாயனமோ முழுசாகத் திறந்துவிடும். உடனே இதயம் படபடவென்று அடித்துக்கொள்ளும், ரத்த அழுத்தம் எகிறலாம். இதயத் தசைக்கு ஆக்ஸிஜன் அதிகம் தேவைப்படும். அந்த நேரம் பார்த்து, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் இறுகிச் சுருங்கலாம். போதாததற்கு, புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடு ரத்தத்தில் ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தேவை கூட, வரத்து குறைய, தசை சேதமாகிறது. துடிப்பின் தாளம் தப்பினால் திடீர் மரணம்கூட நேரலாம்.

“ஒரே ஒரு தடவைதானே?”

ரசாயனம் எல்லா இலையிலும் ஒரே அளவில் படிவதில்லை. ஒரே பாக்கெட்டில் ஒரு சிட்டிகை லேசாக இருக்கும். அடுத்த சிட்டிகை ஆளையே சாய்த்துவிடும். தவிர, உள்ளே இருக்கும் சரக்கும் அடிக்கடி மாறுகிறது. எனவே, முதல் தடவையே ஆபத்தாகலாம்.

என்ன செய்யணும்?

புகைத்த பிறகு நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால், ‘வாயுப்பிடிப்பு’ என்று வீட்டிலேயே படுக்க வைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். இதற்கென்று தனி முறிவு மருந்து கிடையாது. ஈ.ஸி.ஜி.யைக் கண்காணித்து, பதற்றத்தைத் தணித்துத்தான் காப்பாற்ற வேண்டும். வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையில் இந்தப் போதை பெரும்பாலும் தெரியாது. அதனால் டாக்டரிடம் உண்மையை மறைக்காதீர்கள். பாக்கெட் கிடைத்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அடிக்குப் பயந்து பிள்ளை வாயைத் திறக்காவிட்டால், சிகிச்சை தாமதமாகும். முதலில் உயிர்!