கியர் விழவில்லையா? பெட்டியை இறக்கும் முன் பாருங்கள்

கியர் விழ மறுக்கும் பழைய காரை ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டால், பெரும்பாலும் காதில் விழும் முதல் வாக்கியம் இதுதான்: “கியர்பாக்ஸை இறக்கணும் சார்.” இறக்கினால் கூலி, கிளட்ச் செட், சீல், ஆயில் என்று பில் நீளும். இருபது வயது தாண்டிய மாருதி 800-க்கு அந்தச் செலவு வண்டியின் விலையில் ஒரு பெரிய பங்கு. பலர் அந்த இடத்திலேயே மனம் தளர்ந்து, ஓடிக்கொண்டிருந்த நல்ல வண்டியை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். இது எனக்குத் தாங்காத விஷயம். ஏனென்றால், கோளாறு பல நேரம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருப்பதில்லை.

கையிலிருக்கும் லீவருக்கும் உள்ளேயிருக்கும் பற்சக்கரத்துக்கும் நடுவே எத்தனையோ பாகங்கள் இருக்கின்றன: ராடு, புஷ், பெடல், கேபிள், ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட், இன்ஜின் மவுண்ட். இதில் எது தேய்ந்தாலும் ஓட்டுபவர் சொல்லும் புகார் ஒன்றுதான், ‘கியர் ஹார்டா இருக்கு.’ எது தேய்ந்தது என்று பிரித்தறியும் வேலையில் பாதியை, ஸ்பேனரைத் தொடாமல் வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம்.

மாருதி 800-ஐயே எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 வரை தயாரிப்பில் இருந்த வண்டி. 796 சிசி இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டாக முன்னால் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும். கிளட்ச் இழுப்பது கேபிள். கியர் லீவரின் அசைவைக் கொண்டுபோவது வண்டிக்கு அடியில் ஓடும் ராடு. எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும்.

முதல் சோதனை, இன்ஜினை அணைத்துவிட்டுச் செய்வது. கிளட்சை மிதித்து எல்லா கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று விழாவிட்டால் வண்டியை அரை அடி தள்ளிவிட்டு மறுபடி போடுங்கள். பல்லோடு பல் முட்டி நிற்பது கோளாறு அல்ல. அடுத்து இன்ஜினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே அதையே செய்யுங்கள். அணைத்திருக்கும்போது வெண்ணெயாக விழுந்த கியர், ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், கிளட்ச் முழுசாக ‘கட்’ ஆகவில்லை என்று அர்த்தம். கியர்பாக்ஸ் மேல் பழி போட இன்னும் நேரம் வரவில்லை.

இதை உறுதிசெய்ய ரிவர்ஸ் கியர் உதவும். அதற்கு சிங்க்ரோ (வேகத்தைப் பொருத்திவிடும் வளையம்) கிடையாது, ஆகவே அது எதையும் மறைக்காது. இன்ஜின் ஐடிலில் ஓடட்டும். கிளட்சை முழுக்க மிதித்து, நாலைந்து விநாடி அப்படியே பிடித்திருந்து, பிறகு ரிவர்ஸ் போடுங்கள். அந்த நேரத்துக்குள் உள்ளே சுழலும் ஷாஃப்ட் நின்றிருக்க வேண்டும். அப்போதும் ‘கர்ர்’ என்று அரைத்தால், கிளட்ச் அந்த ஷாஃப்டை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் முதலில் குனிந்து பெடலைப் பாருங்கள். தடிமனான ஃப்ளோர் மேட் மடிந்து பெடலுக்கு அடியில் சிக்கியிருந்தால்கூட இந்தக் கோளாறு வரும். அடுத்தது ஃப்ரீ ப்ளே. பெடலைக் கையால் அழுத்தினால், கனம் தெரிவதற்கு முன்னால் கொஞ்ச தூரம் லேசாக இறங்க வேண்டும். எவ்வளவு என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். கேபிள் நீண்டுபோனால் இந்த இடைவெளி கூடி, கிளட்ச் முழுசாக விலகாது. கேபிளின் நட்டைத் திருகினால் சரியாகிவிடும். ஆனால் இடைவெளியே இல்லாமல் இறுக்கினால் பிளேட் வழுக்க ஆரம்பிக்கும், ரிலீஸ் பேரிங் ஓயாமல் சுற்றித் தேயும். மிதிக்கும்போது காலுக்கு நரநரவென்று உணர்ந்தால், கேபிளின் இழைகள் உள்ளே ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கக்கூடும். நடுரோட்டில் அறுவதற்குள் மாற்றிவிடுங்கள்.

ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டிகளில் சோதனை இன்னும் சுலபம். பெடலை மூன்று நான்கு முறை பம்ப் செய்தபின் கியர் விழுந்தால், லைனில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் இரண்டில் ஒன்றின் சீல் போயிருக்கிறது. மழையில் நனைந்து மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் பிளேட் துருவேறி ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய சென்னைக் கார்களுக்கு இதோடு இன்னொரு ஆபத்தும் இருந்தது: கியர்பாக்ஸின் மூச்சுத்துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போய், ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்துவிடும். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் எல்லாம் போய்விடும்.

இன்ஜினை அணைத்திருந்தும் கியர் கடினமாக விழுகிறது, அல்லது லீவர் தொளதொளவென்று ஆடுகிறது என்றால், லீவரைப் பெட்டியோடு இணைக்கும் லிங்கேஜைப் பார்க்க வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து லீவரை அசைக்க, மற்றவர் அடியில் ராடைக் கவனித்தால் போதும். லீவர் அசைந்தும் ராடின் மறுமுனை அசையாத இடம்தான் தேய்ந்த புஷ். ஸ்டீயரிங் அருகே கியர் வைத்த பழைய அம்பாசிடரை ஓட்டியவர்களுக்கு இது அனுபவப் பாடம். லிங்கேஜ் தேய்ந்து இரண்டு கியருக்கு நடுவே மாட்டிக்கொண்டால், இறங்கி பானட்டைத் திறந்து கையால் தட்டி விடுவித்துவிட்டுக் கிளம்புவார்கள்.

கிளட்சும் லிங்கேஜும் சுத்தமாக இருந்தும், ஓடும்போது குறிப்பிட்ட ஒரு கியர் மட்டும் அரைக்கிறதா? அதுவும் இரண்டாவது கியரா? இப்போதுதான் பெட்டிக்குள் போகிறோம். சந்தேகம் சிங்க்ரோ மேல். வெவ்வேறு வேகத்தில் சுழலும் கியரையும் ஷாஃப்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகே பற்களைச் சேரவிடும் பித்தளை வளையம் அது. ஓடும் பஸ்ஸில் ஏறுபவர் கூடவே ஓடி, வேகம் ஒத்துவந்த பிறகு படியில் கால் வைப்பது போல. 1928-இல் கேடிலாக் கார்களில் அறிமுகமான ஏற்பாடு. அதற்கு முன் ஒவ்வொரு ஓட்டுநரும் இந்த வேகப் பொருத்தத்தைத் தன் காலாலேயே செய்தார். பழைய அம்பாசிடரின் முதல் கியருக்கு சிங்க்ரோ இல்லை. வண்டி உருளும்போது அது அரைத்தால் கோளாறு என்று பயப்பட வேண்டாம்.

அந்தப் பழைய கால் வித்தைதான் இன்றைக்கும் சிறந்த சோதனைக் கருவி. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரை லேசாகத் தட்டுங்கள். மறுபடி கிளட்சை மிதித்து இரண்டாவதைப் போடுங்கள். சாதாரணமாக அரைக்கும் கியர் இப்போது சத்தமில்லாமல் விழுந்தால், தேய்ந்தது சிங்க்ரோ வளையம். இப்படியே ஓட்டப் பழகிக்கொண்டால் பெட்டியை இறக்கும் செலவைக் கணிசமாகத் தள்ளிப்போடலாம்.

அதற்கும் முன்னால் கியர்பாக்ஸ் ஆயிலைப் பாருங்கள். இன்ஜின் ஆயிலுக்கு இருப்பதுபோல் இதற்கு டிப்ஸ்டிக் இல்லாததால், வண்டி வாங்கிய நாளிலிருந்து கியர் ஆயிலை மாற்றாதவர்கள் ஏராளம். ஆக்ஸில் சீல் வழியாகக் கசிந்து அளவு குறைந்திருக்கலாம். தவறான ஆயில் ஊற்றப்பட்டிருக்கலாம். கையேடு ஜிஎல்-4 ரக ஆயில் கேட்கும் பெட்டியில், ‘உயர்ந்த எண்’ என்று ஜிஎல்-5 ஊற்றுவது பரவலாக நடக்கிறது. ஜிஎல்-5 பின்புற டிஃபரன்ஷியலின் கடும் அழுத்தத்துக்காக உருவானது. அதன் வழுவழுப்பில் சிங்க்ரோவுக்குத் தேவையான பிடிப்பு கிடைக்காமல் போகலாம். அதன் சில ரசாயனங்கள் பித்தளைக்கும் ஆகாதவை.

ஆயிலை வடிக்கும்போது அவசரப்படாமல் டிரெயின் பிளக்கைத் துடைத்துப் பாருங்கள். காந்தம் உள்ள பிளக் என்றால், அதில் சாம்பல் நிற மை போன்ற பூச்சு ஒட்டியிருப்பது வயதுக்கேற்ற தேய்மானம். விரலில் குத்தும் இரும்புச் சில் இருந்தால் பல் உடைந்திருக்கிறது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது. அதைப் பார்க்க, தட்டில் விழுந்த ஆயிலை வெயிலில் சாய்க்க வேண்டும். தங்கத்தூள் போல மினுமினுத்தால் அது சிங்க்ரோ வளையத்தின் பொடி.

போட்ட கியர் தானாகக் கழன்று வருவது வேறு வகை. ஆக்சிலரேட்டரை விடும்போது லீவர் முன்னும் பின்னும் துள்ளுகிறதா என்று பாருங்கள். 800 போன்ற வண்டிகளில் கிழிந்த இன்ஜின் மவுண்ட் மட்டுமே இதைச் செய்துவிடும், ரப்பர் மாற்றினால் தீர்ந்தது. மவுண்டும் லிங்கேஜும் நன்றாக இருந்தால், உள்ளே பூட்டும் பந்து, ஸ்பிரிங், ஃபோர்க் அல்லது பற்களின் முனை தேய்ந்திருக்கும்.

சத்தத்துக்கும் கணக்கு உண்டு. நியூட்ரலில் வரும் இரைச்சல் கிளட்சை மிதித்தால் நின்றுவிட்டால் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதித்தால்தான் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங்.

இத்தனையும் பார்த்த பிறகு பெட்டி இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால், இறக்கட்டும். ஒரே கூலியில் ரிலீஸ் பேரிங்கையும் சீல்களையும் மாற்றிவிடுங்கள், பிளேட் தேய்ந்திருந்தால் அதையும். உள்பாகம் கிடைக்காமல் சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் பெட்டி தேடுகிறவர்கள், முதலில் தங்கள் 800 நாலு கியரா ஐந்து கியரா என்று உறுதிசெய்துகொள்ளட்டும். பிறகு கடை வாசலிலேயே இன்புட் ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டி, கையால் சுற்றி, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்க்கட்டும். அடியில் மிச்சமிருக்கும் ஆயிலைக் கடைக்காரர் துடைத்துவிடுவதற்குள் ஒரு துணியில் வடித்து, அதில் மினுமினுப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.