வராதவர்கள் யார்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருந்தால்தான் இது சரி. அடியில் குழைந்து, மேலே அரிசியாக நின்றால் எடுத்த சோறு பொய் சொல்லும். தேர்தலிலும் இந்த ஆபத்து உண்டு.

மாணவர்களே, ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். அங்கே 1,000 வாக்காளர்கள். 400 பேர் சொந்த வீட்டுக்காரர்கள். 600 பேர் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். முன்னவர் அனைவரும் ஒரு வேட்பாளரையும் பின்னவர் அனைவரும் மற்றொருவரையும் விரும்புகிறார்கள். தேர்தலன்று வீட்டுக்காரர்களில் நூற்றுக்கு 80 பேரும், குடித்தனக்காரர்களில் நூற்றுக்கு 50 பேரும் வாக்களித்தார்கள். கணக்குப் போடுங்கள்: 320-க்கு 300. அறுநூறு பேர் விரும்பியவர் தோற்றுவிட்டார்! இரு சாராரும் ஒரே விகிதத்தில் வந்திருந்தால், பாதிப் பேரே வந்திருந்தாலும் அவர்தான் வென்றிருப்பார்.

இது வெறும் கற்பனை அன்று. அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் 65 முதல் 74 வயது வரையுள்ள குடிமக்களில் நூற்றுக்கு 76 பேர் வாக்களித்தனர். 18 முதல் 24 வயதினரில் ஏறத்தாழ 51 பேரே. இளைஞர்கள் சோம்பேறிகள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அங்கே பல மாநிலங்களில், வீடு மாறினால் வாக்காளர் பதிவையும் நாமே மாற்றியாக வேண்டும். அடிக்கடி வீடு மாறுபவர்கள் யார்? இளைஞர்களும் வாடகைக்கு இருப்பவர்களுந்தான். போதாக்குறைக்குத் தேர்தல் நடப்பது செவ்வாய்க்கிழமை, வேலை நாள்!

ஆஸ்திரேலியா வேறு வழியைக் கண்டது. 1922ஆம் ஆண்டுத் தேர்தலில் அங்கே நூற்றுக்கு 60 பேர்கூட வரவில்லை. 1924இல் வாக்களிப்பதைச் சட்டம் கட்டாயமாக்கியது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் 91 பேருக்கு மேல் வந்தனர். தக்க காரணமின்றி வராதவருக்கு இன்று அபராதம் 20 டாலர். தேர்தல் நடப்பதோ சனிக்கிழமையில். வற்புறுத்தல் சரியா என்ற வாதம் ஓயவில்லை. எனினும் வாக்கு இரகசியமானதால், வெற்றுச் சீட்டைப் போட்டுவிட்டு வருவதை யாரும் தடுக்க முடியாது.

ஆனால் அந்த 'எல்லாரிலும்' பழங்குடி மக்களில் பெரும்பாலோர் அடங்கவில்லை. தேசியத் தேர்தலில் அவர்கள் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது 1962இல். வாக்காளராகப் பதிவு செய்வது அவர்களுக்கும் கட்டாயமானது 1984இல். அவர்கள் மிகுதியாக வாழும் லிங்கியாரி தொகுதி, தமிழ்நாட்டைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு பரப்புடையது. வாக்குச்சாவடியே ஊர் ஊராகப் பயணம் செய்கிறது. அப்படியிருந்தும் 2022இல் அங்கே வாக்களித்தவர்கள் மூன்றில் இரண்டு பங்கினரே.