வேட்டைக்காரரும் மான்களின் மெலிவு நோயும்

வேட்டைக்காரன் மானுக்குப் பகைவன் என்பது உலக வழக்கு. ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே மான் இனத்தைப் பேணும் பணியில் வேட்டைக்காரருக்கும் பெரும் பங்கு உண்டு.

அந்நாட்டிலே காட்டு விலங்குகள் நிலச் சொந்தக்காரருக்கு உரியவை அல்ல. அவை மக்கள் அனைவருக்கும் பொதுவான செல்வம். மக்களின் சார்பில் அவற்றைப் பராமரிப்பது மாநில அரசாங்கங்களின் கடமை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே, கட்டுப்பாடற்ற வேட்டையினால் வெள்ளைவால் மான் பல மாநிலங்களில் அருகிப் போயிற்று. அதன் பின்னரே வேட்டைக்குப் பருவமும் அளவும் அனுமதிப் பத்திரமும் ஒழுங்காக விதிக்கப்பட்டன. வேட்டைத் துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் அறவிடப்படும் நூற்றுக்கு 11 வீத வரியை 1937ஆம் ஆண்டுச் சட்டமொன்று வனவிலங்குப் பணிக்கென ஒதுக்கிற்று. ஓநாய் முதலிய விலங்குகள் மறைந்துவிட்ட இடங்களிலே மான்களின் பெருக்கத்தை அளவோடு வைத்திருப்பதும் பெரும்பாலும் வேட்டையே.

இந்த ஏற்பாட்டைக் கடுஞ் சோதனைக்கு உள்ளாக்கியது ஒரு நோய். 1967ஆம் ஆண்டிலே, கொலராடோ மாநிலத்து ஆராய்ச்சி நிலையமொன்றில் அடைக்கப்பட்டிருந்த மான்கள் உடல் மெலிந்து, தலை தாழ்ந்து, எச்சில் வழிய மாண்டன. அவற்றின் மூளை கடற்பஞ்சு போலத் துளைபட்டிருந்தமை 1978இல் அறியப்பட்டது. இதனை உண்டாக்குவது பக்டீரியாவுமன்று, வைரசுமன்று. பிரியோன் எனப்படும் உருத்திரிந்த புரதமே. அது எச்சில், சிறுநீர், சாணம் ஆகியவற்றின் வழியே பரவி, மண்ணிலும் பல்லாண்டுகள் நிலைத்திருக்கும். இதற்கு மருந்தில்லை. தொற்றுக்கு உள்ளான மான், நோய்க்குறி எதுவுமின்றி ஓராண்டுக்கு மேலும் திரியக்கூடும். ஆகவே, கண்ணாற் பார்த்து நோயுற்ற மானைப் பிரித்தறிதல் அரிது. வீழ்த்தப்பட்ட மானின் தொண்டைக்குப் பின்னாலுள்ள நிணநீர்க் கணுக்களை எடுத்துப் பரிசோதிப்பதே வழக்கமான வழி. அவற்றைக் கொண்டுவந்து தருபவர் வேட்டைக்காரரே.

விஸ்கொன்சின் மாநிலத்தில் நோய் வெளிப்பட்டதும் இவ்வாறே. 2001 நவம்பரில் வேட்டையாடப்பட்ட மூன்று மான்களில் நோய் இருப்பது 2002 பெப்ரவரியில் உறுதியாயிற்று. அவ்வாண்டில் மாத்திரம் 40,000க்கு மேற்பட்ட மான்கள் பரிசோதிக்கப்பட்டன. நோய் கண்ட பகுதியிலே மான்களைப் பெருமளவிற் குறைத்துவிட அரசாங்கம் முனைந்தது. ஆனால், தலைமுறை தலைமுறையாக மானைப் போற்றி வேட்டையாடிய மக்களின் மனம் அதற்கு இசையவில்லை. எதிர்ப்பு வலுத்தது. குறிசுடுநரைக் கொண்டு மான்களைக் குறைக்கும் பணி 2007இல் நிறுத்தப்பட்டது. அயல் மாநிலமான இலினோயோ, நோய் கண்ட இடங்களில் மாத்திரம் அப்பணியை ஆண்டுதோறும் தொடர்ந்தது. 2012 வரை அங்கே நோயின் அளவு ஏறத்தாழ நூற்றுக்கு 1 வீதமாகவே இருந்தது. விஸ்கொன்சினிலே அது ஏறிக்கொண்டே போயிற்று. பின்னாளில், தென்மேற்குப் பகுதியின் சில இடங்களில் வளர்ந்த ஆண் மான்களுள் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை நோயுற்றன.

இந்நோய் மனிதரைத் தொற்றியதாக இதுவரை உறுதிப்படவில்லை. எனினும், நோயுற்ற மானின் இறைச்சியை உண்ணலாகாது என்பதே சுகாதார அதிகாரிகளின் அறிவுரை.

மான் இனத்தைக் காக்க மான்களின் தொகையைக் குறைக்க வேண்டியிருப்பது கசப்பான உண்மை. அதனை ஆணையினால் மாத்திரம் நிறைவேற்ற முடியாது. வேட்டைக்காரர் நம்பினாலன்றி, பரிசோதனைக்கு மானின் தலை வந்து சேராது. அது வந்து சேராவிடின், நோய் எங்கே பரவுகின்றது என்பதை அறியவும் வழியில்லை.