எச்சரிக்கை என்னும் ஒரு சொல்

சிக்கலான சூழலில் பணிபுரிவோர் பெறவேண்டிய சூழலறிவை மிகா எண்ட்ஸ்லி 1995இல் மூன்று படிகளாக விளக்கினார்: கூறுகளைக் காணல், அவற்றின் பொருளை உணர்தல், அடுத்து நிகழவிருப்பதை முன்னறிதல். இவற்றுள் முதற்படி மட்டும் போதாது என்பதற்கு மும்பை ஒரு சான்று. 2005 ஜூலை 26இல் தொடங்கிய பெருமழையில், 24 மணி நேரத்திற்குச் சாந்தாகுரூஸ் மழைமானி 944 மி.மீ. காட்டியது, கொலாபாவில் பதிவானது ஏறத்தாழ 73 மி.மீ. மட்டுமே. இரண்டும் சரியான அளவுகளே. ஆயினும் ஒன்றை மட்டும் கண்டவர்க்கு நகரின் நிலை விளங்கியிராது. மேலும், விகார், பவாய் ஏரிகளின் மிகைநீரைக் கொணரும் மித்தி ஆறு தாராவியை ஒட்டியே மாகிம் கழிமுகத்தை அடைகிறது. ஆகவே மழை பெய்யுமிடமும் வெள்ளம் புகுமிடமும் ஒன்றாக இருக்கவேண்டுவதில்லை. கடல் ஏற்றமும் வடிகாலைத் தடுக்கும். இவற்றை இணைத்துக் கணிக்கும் ஐஃப்ளோஸ் என்னும் அமைப்பு 2020இல் தொடங்கப்பெற்றது.

கணிப்பு மக்களை அடைவது சொல்லாகவே. வானிலைத் துறையின் வண்ணக் குறிகளுள் மஞ்சள் ‘தொடர்ந்து கவனி’ என்றும், ஆரஞ்சு ‘ஆயத்தமாகு’ என்றும், சிவப்பு ‘செயற்படு’ என்றும் பொருள்படும். தமிழ் இதழ்களிலோ பலவேளை மூன்றும் ‘எச்சரிக்கை’யே. மராத்தியிலோ இந்தியிலோ வரும் அறிவிப்பை மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழில் எடுத்துரைப்பவரிடமும் இப்படிநிலை மறையக்கூடும். மஞ்சளுக்குக் ‘கண்காணிப்பு’ பொருந்தாது. அது காவல்துறையை நினைவூட்டும். ‘கவனிப்பு’ நோயாளிக்கு உரியதாகிவிட்டது. ‘விழிப்பு’, ‘ஆயத்தம்’, ‘எச்சரிக்கை’ என வரிசைப்படுத்தின் சிவப்புக்குரிய சொல் தன் வலிமையை இழவாது.