ஏய் என்றால் இல்லை

“ஒரு தவணை வெளிநாட்டில போய்ப் படிக்கலாமாம் அக்கா. போறதோ விடுறதோ?” என்று நமது வாலிபர் ஐக்கியத்தில் ஒரு தங்கை கேட்டாள். அம்மாவுக்குப் பயம், அப்பாவுக்குச் செலவுக் கணக்கு, அவளுக்குத் தயக்கம். ஆராதனை முடிந்து தேநீர்க் கோப்பையோடு நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் அல்ல அது. அதனால் எழுதுகிறோம்.

எழுதும் கை ஒன்று, கதை இருவருடையது. நாங்கள் இருவரும் இங்கிலாந்தில் ஒரே பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டப்படிப்புப் படித்தவர்கள். மூன்றாம் ஆண்டில் எராஸ்முஸ் பரிமாற்றத் திட்டத்தில் பின்லாந்தின் துர்கு நகருக்குச் சேர்ந்து போனோம். செப்டெம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை 13 வாரங்கள். இன்று இருவருக்கும் முப்பது கடந்துவிட்டது. இருவரும் இன்னும் வார்ட்டில்தான் நிற்கிறோம்.

எராஸ்முஸ் திட்டம் 1987இல் தொடங்கியது. போகிற இடத்துப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் கட்டத் தேவையில்லை. தங்குகிற செலவுக்கு ஓர் உதவிப்பணமும் உண்டு. தாதியர் படிப்புக்கு மொத்தம் 4,600 மணி நேரம் வேண்டும். அதில் பாதி நோயாளிகளோடு நின்று செய்யும் வேலை. துர்குவில் நாங்கள் செய்த வேலையும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. ஆகவே, “படிப்பு வீணாகும்” என்ற பயம் முதலிலேயே தீர்ந்துவிட்டது.

தீராதது மொழி. எங்களுக்குப் பொறுப்பாக இருந்த மூத்த தாதி நல்ல ஆங்கிலம் பேசினார். அங்கே எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அம்மா வயதுடையவரைப் பெயர் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. எங்களுக்குள் அவர் “அன்ரி”தான். ஆனால் வார்ட்டில் படுத்திருந்த வயோதிபர் பலருக்கு ஆங்கிலம் வராது. பின்னிஷ் மொழியில் “இல்லை” என்பதற்கு “ஏய்” என்பார்கள். முதல் நாள் ஒரு பாட்டி “ஏய்” என்றதும், கூப்பிடுகிறார் என்று இருவரும் ஓடிப்போய் நின்றோம். “ஆம்” என்பதற்கு “யோ” என்பார்கள். சிலர் அதை மூச்சை உள்ளே இழுத்தபடியே சொல்வார்கள். அதைக் கேட்டு, மூச்சுத் திணறுகிறது என்று பயந்து ஒக்சிஜன் அளவு பார்த்தோம். அன்ரி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

முதலில் மனப்பாடம் செய்த கேள்வி “சத்தூகோ?” என்பது. “வலிக்கிறதா?” என்று பொருள். எங்கள் காதுக்கு அது சத்துமா போலக் கேட்டதால் மறக்கவில்லை. பூச்சியத்திலிருந்து பத்துவரை எண்ணவும் படித்தோம். வலி எவ்வளவு என்று நோயாளி ஓர் எண் சொன்னால் எழுதிவிடலாமே!

அந்தத் துணிவோடுதான் அந்தத் தவறைச் செய்தோம். இடுப்பு எலும்பு முறிந்து சத்திரசிகிச்சை செய்திருந்த ஒரு பாட்டி. காலையிலும் மாலையிலும் “சத்தூகோ?” என்று கேட்டோம். “ஏய்” என்றார். பூச்சியம் என்று எழுதினோம். இரண்டு நாளாக அப்படியே எழுதினோம். ஆனால் அவரை எழுப்பி நடக்கவைக்க வந்தபோதெல்லாம் தலையை ஆட்டி மறுத்தார். களைப்பு என்று நினைத்தோம்.

மூன்றாம் நாள் அன்ரி எங்கள் பதிவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கதிரையை இழுத்துப்போட்டுப் பாட்டியின் அருகில் உட்கார்ந்தார். ஒரு கேள்வி கேட்டார். பிறகு பேசாமல் இருந்தார். எங்களுக்கு அந்த மௌனம் தாங்க முடியவில்லை. நாமென்றால் அதற்குள் பத்துக் கேள்வி கேட்டிருப்போம். வெகுநேரம் கழித்துப் பாட்டி ஜன்னலைப் பார்த்தபடி “வாஹன்” என்று ஏதோ சொன்னார். “கொஞ்சம்” என்று அர்த்தமாம். “இந்த வயதுக்காரர் கொஞ்சம் என்றால் நிறைய” என்றார் அன்ரி. மருந்து கூட்டப்பட்டது. மறுநாள் பாட்டி கைத்தாங்கலோடு நான்கு அடி நடந்தார்.

இடுப்பு முறிந்த முதியவர் எழும்பாமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வரும். காலில் இரத்தம் உறையும். நாங்கள் எழுதிய பூச்சியம் அந்த ஆபத்தை மூடி மறைத்தது. ஒரு சொல்லைக் கேட்டோம்; ஆளைப் பார்க்கவில்லை.

அன்று இரவு அறையில் இருவரும் நெடுநேரம் தூங்கவில்லை. அப்போதுதான் எங்களில் ஒருத்தி, அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். அவளுக்குப் பதினொரு வயதில் அம்மாவின் மார்பில் ஒரு கட்டி. டொக்டர் சொன்னதை அவள்தான் தமிழில் சொல்ல வேண்டும். “புற்றுநோயாக இருக்கலாம், உடனே சோதிக்க வேண்டும்” என்றார் டொக்டர். அந்தச் சொல் அவளுக்குத் தமிழில் தெரியும். அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் முடியவில்லை. “இன்னொரு சோதனை செய்யவேணுமாம்” என்றாள். அம்மா டொக்டரைப் பார்த்து “யெஸ், யெஸ்” என்று தலையாட்டினார். அவசரம் என்று தெரியாததால், வேலையில் லீவு இல்லை என்று ஆறு வாரம் தள்ளிப்போட்டார். கடைசியில் அது சாதாரணக் கட்டிதான், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அந்த ஆறு வாரமும் அந்தப் பிள்ளை போர்வைக்குள் அழுதாள்.

பாட்டியின் “ஏய்”யும் அம்மாவின் “யெஸ்”ஸும் ஒன்றுதான் என்று அன்று எங்களுக்கு விளங்கியது.

அடுத்த ஞாயிறு, அவ்ரா ஆற்றங்கரையில் இருக்கும் துர்கு பேராலயத்துக்குப் போனோம். ஆராதனையில் “ஆமென்” தவிர ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் எல்லாரும் சேர்ந்து மெதுவாகச் சொன்னபோது, ஏற்ற இறக்கத்தைக் கொண்டே பரமண்டல ஜெபம் என்று கண்டுகொண்டோம். நாங்களும் தமிழில் சொன்னோம்.

அந்த ஊரில் மிக்கயேல் அக்ரிகோலாவைத் தெரியாதவர் இல்லை. அவரும் வெளிநாடு போன மாணவர்தான். 1536இல் விட்டன்பர்க் போய் லூத்தரிடமும் மெலாங்க்தனிடமும் படித்து, 1539இல் துர்கு திரும்பினார். 1543இல் அவர் வெளியிட்ட அரிச்சுவடிதான் பின்னிஷ் மொழியில் அச்சான முதல் புத்தகம். 1548இல் புதிய ஏற்பாட்டையும் அந்த மொழியில் கொடுத்தார். பட்டத்தோடு மட்டும் திரும்பியிருந்தால் அவரை யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். தன் ஊர்ச் சனங்கள் தங்கள் மொழியில் வாசிக்க வழி செய்தார்.

அக்ரிகோலா எங்கே, நாங்கள் எங்கே! ஆனாலும் எங்கள் அளவுக்கு ஒன்றைக் கொண்டுவந்தோம். மொழி தெரியாத நோயாளி தலையாட்டினால் அதைப் பதிலாக எழுதுவதில்லை. கதிரையை இழுத்துப்போட்டு உட்காருகிறோம். முகத்தையும் கையையும் பார்க்கிறோம். கூட வந்த பிள்ளையிடம் “நீ சொல்லு” என்று கேட்பதில்லை, மொழிபெயர்ப்பாளரை அழைக்கிறோம்.

பெற்றோர்களே, இதை நீங்களும் செய்யலாம். டொக்டரிடம் நேரம் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவையுங்கள். இங்கே அதற்குக் கட்டணம் இல்லை. பிள்ளை கூட வரட்டும்; கையைப் பிடித்திருக்கட்டும். ஆனால் அந்தச் செய்தியைச் சுமக்கிற வேலையை அதற்குக் கொடுக்காதீர்கள். பெந்தெகொஸ்தே நாளில் ஒவ்வொருவரும் தம் தாய்மொழியிலேயே கேட்டார்கள் என்று வாசிக்கிறோமே. ஆஸ்பத்திரியிலும் அது தேவை.

இனி, கேட்ட தங்கைக்கு. போ. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியபின் 2021இல் டூரிங் திட்டம் என்ற ஒன்றும் தொடங்கியது. எந்தத் திட்டத்தில் உனக்கு இடம் உண்டு என்று பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்தில் ஒரு வருடம் முன்பே கேள். அங்கே எடுக்கும் புள்ளிகள் உன் பட்டத்தில் சேரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள். உதவிப்பணம் பிந்தலாம், எங்களுக்குப் பிந்தியது. முதல் மாதச் செலவைக் கையில் வைத்திரு. துர்கு போன்ற ஊரானால், டிசம்பரில் ஆறு மணி நேரம்கூட வெளிச்சம் இருக்காது, மனம் சோரும். வீட்டுக்குப் பேச ஒரு நேரம் குறித்துவை. ஞாயிற்றுக்கிழமை, புரியாவிட்டாலும் ஓர் ஆலயத்தில் போய் உட்கார்.

அங்கே மூன்று மாதம் பேச்சு வராதவளாக இருப்பாய். கடையில், பஸ்ஸில், வகுப்பில் சும்மா “யெஸ்” என்று தலையாட்டுவாய். அப்போது உன் அம்மா இந்த நாட்டில் இருந்த முதல் வருடங்களை நினைத்துக்கொள். திரும்பி வந்து அவரிடம் கேள், கேட்டுவிட்டுப் பொறுத்திரு.

விண்ணப்பப் படிவத்தை அடுத்த ஞாயிறு கொண்டு வா. ஆராதனைக்குப் பிறகு இருந்து சேர்ந்து நிரப்புவோம். அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா.