ஒழுகும் கூரையும் உரிமைச் சட்டமும்

திருச்செந்தூரை அடுத்த ஆலந்தலை போன்ற கடற்கரையூர்களில் உப்புக் காற்று இரும்பை விரைந்து அரிக்கும். ஆதலின் தோட்டத்துச் சிறு கட்டடமேயாயினும், கூரைக் கம்பிகளைக் கான்கிரீட் போதிய கனத்தில் மூடியிருத்தல் வேண்டும். இதில் குறைவைத்த ஒப்பந்தக்காரரிடம் நிவாரணம் பெற வழியுண்டு. கட்டடப் பணியும் சேவையே என்பதை லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-இல் நிலைநாட்டியது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வீட்டுக் கட்டுமானத்தைச் சேவையென்றே வகுத்துள்ளது.

ஒழுக்கைக் கண்டதும் பூசி மறைத்தல் தவறு, சான்று அழிந்துவிடும். முதற்கண் நிழற்படமும் பொறியாளர் அறிக்கையும் பெறுக. ஒப்பந்தத்தையும் பற்றுச்சீட்டையும் பேணுக. பின்னர்ப் பதிவஞ்சலில் அறிவிப்பு அனுப்புக. பயனில்லையேல், வழக்குக் காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த தொகை 5 இலட்சத்திற்கு மேற்படாதாயின் கட்டணமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. குறை நீக்கம், பணத்தைத் திரும்பப் பெறுதல், இழப்பீடு ஆகியவற்றைக் கோரலாம். வாய்ச்சொல்லை நம்பி வேலையை ஒப்படைப்போர்க்கு இவ்வழி கடினம். எழுதி வாங்குவோர்க்கு எளிது.